அறுபதில் ஓடிய நூற்று அறுபத்தைந்து

ஹைமவதி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டதே அந்த மானிட்டரால்தான்.

அவள் கணவன் சிம்மாத்ரி நாயுடு கப்பல் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதிக் கொடுப்பவன். சிம்மாசலத்து அப்பன்ன சாமிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்பதால் வைத்த பெயர். விசாகப்பட்டினத்தில் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் இல்லை, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பெங்களூர்க்காரர்கள் கூடும் ஆபீஸ் கூட்டங்களில் மட்டும் அதைச் சுருக்கி 'சிம்ஹா' என்று கம்பீரமாக்கி வைத்திருந்தான்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் கூட வேலை பார்க்கும் ஒருவன் தன் புது மானிட்டரைப் பற்றி அளந்தான். சாதாரண மானிட்டர் ஒரு நொடியில் அறுபது தடவை படத்தை மாற்றி மாற்றி வரையுமாம். அவனுடையது நூற்று அறுபத்தைந்து தடவை வரைகிறதாம். மவுஸ் அம்பை நகர்த்தினால் வாழையிலையில் நெய் வழுக்குவது போலப் போகுமாம். கார்ப் பந்தய விளையாட்டில் வளைவு திரும்பினால் வயிறே கலங்குமாம். கேட்டதிலிருந்து சிம்மாத்ரிக்குத் தன் பழைய திரையில் அம்பு நொண்டியடிப்பது போலவே தோன்றியது. மறு வாரம் கூரியர்காரன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான்.

பெட்டியோடு வந்த கேபிளை எடுத்தான். லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று இருந்தது, அதில் செருகினான். படம் வந்தது. உடனே மனைவியைக் கூப்பிட்டான்.

"ஹைமா, இங்க வா. அம்பு எப்படிப் போகுது பாரு."

"போகுது."

"எப்படிப் போகுதுன்னு கேக்கறேன்."

"முன்னாடி எப்படிப் போச்சோ அப்படித்தான் போகுது."

"நல்லா பாரு. முன்னாடி விட்டு விட்டுப் போகும். இப்போ வழுக்கிட்டுப் போகுது."

ஹைமவதி பெண்கள் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், தள்ளி நின்றும் பார்த்தாள். "ஏவண்டி, வெங்காயத் தோல்ல செல்லோட சுவர் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டிக் குடுக்கறவ நான். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுதா?"

"அதைத்தான் சொல்றேன். இத்தனை வருஷமா ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஒரு கண்ணால மைக்ராஸ்கோப்ல பார்த்துப் பார்த்தே கண்ணு போயிருக்கும். டாக்டர்கிட்ட காட்டிக்கோ."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சிம்மாத்ரிக்கு ஒரு கேலி வாய்த்துவிட்டால் அதை லேசில் விடமாட்டான். மாமனாரிடம் போனில் சொன்னான். மாடி வீட்டுக்காரரைப் படிக்கட்டில் நிறுத்திச் சொல்லி, உள்ளே அழைத்துவந்து மானிட்டரையும் காட்டினான். ஹைமவதி சாம்பாரில் உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டுவிட்ட ஒரு நாள், "கண்ணு தெரியாதவங்க சமைச்சா இப்படித்தான்" என்றான். மறுநாள் கல்லூரி விட்டதும் யாரிடமும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனாள். நாலைந்து நாளில் மெல்லிய தங்க நிறச் சட்டத்தில் ஒரு கண்ணாடியோடு வீடு வந்து சேர்ந்தாள். இரண்டு கண்ணிலும் கொஞ்சம் பவர் இருக்கிறதாம்.

"பார்த்தியா" என்றான் சிம்மாத்ரி. போரில் ஜெயித்த முகம்.

கண்ணாடியோடு அவள் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து அம்பை இப்படியும் அப்படியும் ஓட்டினாள். "இன்னும் தெரியலையே. புதுக் கண்ணாடி பழக ரெண்டு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. பழகினதும் தெரியுமோ என்னவோ" என்றாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் காபி டம்ளரோடு வந்து, அவன் தோளுக்குப் பின்னால் நின்று, அம்பை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய தங்கை லாஸ்யா வந்தாள். ஹைதராபாத்தில் வீடியோ கேம் கம்பெனியில் வேலை. கேம்கள் வெளியே வருவதற்கு முன் விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு பெற்றோர் ஊரான அனகாபல்லிக்கு வந்தவள், அங்கே வெள்ளையடிப்பு நடக்கிறது என்று அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்கா புருஷனை வம்புக்கிழுப்பது தெலுங்கு வீட்டில் மைத்துனிமாருக்குப் பிறப்புரிமை. லாஸ்யா அந்த உரிமையில் துளிகூட விட்டுக்கொடுக்காதவள்.

அவள் பையை இறக்கி வைப்பதற்குள் சிம்மாத்ரி மானிட்டரைக் காட்ட அழைத்துப் போனான். வீட்டில் இதன் அருமை தெரிந்த ஒரு ஜீவன் கடைசியில் வந்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

லாஸ்யா நின்றபடியே மவுஸைப் பிடித்து ஒரு வட்டம் போட்டாள். இன்னொரு வட்டம் போட்டாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"பாவா, இது எத்தனைன்னு சொன்னீங்க?"

"நூத்தி அறுபத்தஞ்சு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அட்டைப்பெட்டியிலயே பெருசா போட்டிருக்கு."

"பெட்டி பரண் மேல இருக்கு பாவா. நான் மேஜை மேல இருக்கறதைக் கேக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செட்டிங்ஸைத் திறந்து உள்ளே உள்ளே போனாள். கடைசியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்துக்கு எதிரே அறுபது என்று இருந்தது. கீழே தேர்ந்தெடுக்க வேறு எண் இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சிம்மாத்ரி முதலில் செய்தது அறைக் கதவைச் சாத்தியதுதான். சமையலறையில் ஹைமவதி கோங்குராக் கீரையைத் தாளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மெதுவா பேசு."

"நான் இன்னும் பேசவே இல்லையே பாவா." துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டுதான் சொன்னாள். தோள்கள் குலுங்கின. "எத்தனை நாளா இப்படி?"

"வாங்கினதிலிருந்து. ஒரு மாசம் ஆச்சு."

"ஒரு மாசமா வழுக்கிட்டுப் போகுது, வயித்தைக் கலக்குதுன்னு சொன்னீங்களே. அப்பாகிட்ட வேற சொல்லியிருக்கீங்க. அவரு என்னைக் கூப்பிட்டு, நம்ம மாப்பிள்ளை பெரிய மானிட்டர் வாங்கியிருக்காரு, அதைப் பார்க்கக் கண்ணு வேற வேணுமாம்னாரு."

அவன் வேறு வழியில்லாமல் கண்ணாடிக் கதையையும் சொன்னான். லாஸ்யாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிட இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க பாவா, உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா, இல்ல சும்மா சொன்னீங்களா?"

சிம்மாத்ரி யோசித்துப் பார்த்தான். பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது. முதல் நாள் அம்பு வழுக்கியதை இந்த இரண்டு கண்ணால் பார்த்தான். வளைவில் கார் திரும்பியபோது வயிறு கலங்கத்தான் செய்தது. இப்போது அதே அம்பு அதே திரையில் கிழவன் போலத் தட்டுத்தடுமாறிப் போனது. அவனுக்கே தன்மேல் பரிதாபமாக இருந்தது.

"தெரிஞ்சுது" என்றான் சின்னக் குரலில்.

"அய்யோ பாவம்" என்றாள் லாஸ்யா. அதில் கொஞ்சம் நிஜமான இரக்கமும் இருந்தது.

ஹைமவதிக்குத் தெரிவதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. லாஸ்யா வாயைத் திறக்காமல் இருப்பதற்கு மாடுகுல ஊர் ஹல்வா கேட்டாள். "லஞ்சம்னு நெனைக்காதீங்க. மைத்துனிக்குச் செய்யற மரியாதை."

வாயைத் திறக்கமாட்டாள் என்றால் மூடி வைத்திருப்பாள் என்று பொருளில்லை. அன்று சாப்பிடும்போதே ஆரம்பித்தாள். "அக்கா, பாவாவுக்குச் சோறு போடு. அவரு தட்டுல எனக்கு ஒரு கரண்டிதான் தெரியுது. அவருக்கு மூணு கரண்டியாத் தெரியும், அதான் பேசாம உட்கார்ந்திருக்காரு." ஹைமவதி ஒன்றும் புரியாமல் இன்னொரு கரண்டி போட்டாள். சிம்மாத்ரி ஆவகாய் ஊறுகாய்க் கிண்ணத்தைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

மறுநாள் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். படத்தின் அளவைக் குறைத்தால் வேகத்தைக் கூட்ட இடம் கொடுத்தது, நூற்று இருபது வரை போனது. ஆனால் எழுத்தெல்லாம் ஊறவைத்த அவல் மாதிரி உப்பி, ஓரம் கலங்கிக் கிடந்தது. லாஸ்யா எட்டிப் பார்த்து, "இதை அக்கா பார்த்தா கண்ணாடியோட பவரைக் கூட்டிக்கிட்டு வருவா" என்றாள். உடனே பழைய அளவுக்கே மாற்றிவிட்டான்.

அதன்பின் துவாரகா நகர் கடைக்குப் போனான். கடைக்காரர் எதையும் கேட்பதற்கு முன்பே, "எல்லாம் ஓடும் சார்" என்று ஓர் அடாப்டரைக் கையில் திணித்தார். ஒரு முனையை லேப்டாப்பின் டைப்-சி துளையில் செருகிவிட்டு, மறுமுனையில் பழைய கேபிளையே மாட்டவேண்டும். வீட்டுக்கு வந்து மாட்டினான். அறுபதுதான்.

லாஸ்யா தன் வேலையை முடித்துவிட்டு லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து மாடல் எண்ணைப் பார்த்தாள். நெட்டில் கொஞ்ச நேரம் தேடினாள்.

"தொட்டி பெருசுதான் பாவா, குழாய்தான் அரை இஞ்ச். இந்த எச்.டி.எம்.ஐ. பழைய வகை. இவ்வளவு பெரிய படத்துக்கு அறுபதுக்கு மேல இதுல போகாது. நீங்க வாங்கிட்டு வந்த அடாப்டரும் அதே ஜாதி."

"அப்போ லேப்டாப்பை மாத்தணுமா?"

"அக்கா உங்களை மாத்திடுவா. இருங்க." லேப்டாப்பைத் திருப்பி ஓரத்தைக் காட்டினாள். இரண்டு டைப்-சி துளைகள் இருந்தன. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் ஒன்றின் பக்கத்தில் மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவில் ஒரு குறி இருந்தது. "இது சார்ஜுக்கு மட்டும். குறி இருக்கே, இதுதான் படமும் அனுப்பும். இதுலேருந்து நேரா மானிட்டரோட டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போற கேபிள் வேணும். நடுவுல அடாப்டர் கிடாப்டர் ஒண்ணும் கூடாது. இந்தத் துளையில இதுவரைக்கும் என்ன செருகியிருந்தீங்க?"

அதில் ஒரு மாதமாகக் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான். அதை அவன் சொல்லவில்லை. அவளும் தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

இந்த முறை இருவருமாகப் போனார்கள். "ஹல்வா வாங்கப் போறோம்" என்று ஹைமவதியிடம் சொன்னது உண்மைதான். கடைக்காரர் "எல்லாம் ஓடும்" என்று ஆரம்பித்தபோது லாஸ்யா, "எல்லாம் ஓட வேண்டாம் அண்ணா, இது ஒண்ணு ஓடினாப் போதும்" என்று கைப்பேசியில் படத்தைக் காட்டி, சொன்ன கேபிளையே எடுக்கவைத்தாள்.

வந்ததும் மாட்டினார்கள். படம் வந்தது. சிம்மாத்ரி மவுஸை ஓட்டினான். அதே நொண்டல். செட்டிங்ஸைத் திறந்தான். அறுபது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"அழாதீங்க பாவா. மாட்டினா மட்டும் போதுமா, வேணும்னு கேக்க வேண்டாமா?" லாஸ்யா கீழே இருந்த பட்டியலைத் திறந்தாள். இப்போது அதில் எண்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றுக்கும் மேலே நூற்று அறுபத்தைந்து. அதைத் தொட்டாள். திரை ஒரு நொடி இருண்டு திரும்ப வந்தது.

அவன் அம்பை நகர்த்தினான்.

அது கையோடு வந்தது. கைக்கும் அம்புக்கும் நடுவே இதுவரை ஏதோ ஒன்று இருந்தது போலவும், அதை யாரோ உருவி எடுத்துவிட்டது போலவும் இருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் ஓட்டினான். ஓடும்போதே எழுத்துகளைப் படிக்க முடிந்தது. "ஹைமா" என்று கூப்பிட வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான்.

என்னவென்று கூப்பிடுவான்? இப்போதுதான் நன்றாகப் போகிறது என்றால், இதுவரை போனது என்னவென்று அவள் கேட்கமாட்டாளா? ஒரு மாதமாக ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த சுகம் இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது, அதை வீட்டுக்குள் இருப்பவளிடம்கூடச் சொல்ல முடியவில்லை. லாஸ்யா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஹல்வாப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

காபி டம்ளரோடு ஹைமவதி உள்ளே வந்தாள். வழக்கம்போல அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். மவுஸை அசைக்காமல் இருந்துவிடலாமா என்று அவன் நினைப்பதற்குள் அவளே கையை நீட்டி அதைத் தள்ளினாள்.

"அட" என்றாள்.

இன்னொரு தடவை தள்ளினாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டாள். "ஏவண்டி, தெரியுது. நீங்க சொன்ன மாதிரியே வழுக்குது. லாஸ்யா, இங்க வா, உனக்குத் தெரியுதா? கண்ணாடி பழகிடுச்சு. ரெண்டு வாரம்னு டாக்டர் சொன்னது சரியாப்போச்சு." அவள் முகம் மலர்ந்திருந்தது. "நான்தான் உங்களை நம்பல. உங்களுக்கு மானிட்டர் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு காலேஜ்லகூடச் சொல்லிட்டேன். அப்புறம் கண்ணுல பவர் இருக்குன்னு தெரிஞ்சதும், எங்க வீட்டுக்காரர் முன்னாடியே கவனிச்சாருன்னு சொன்னேன். அதைக் கேட்டு ஜுவாலஜி மேடமும் போய்க் கண்ணைக் காட்டிட்டு வந்தாங்க."

சிம்மாத்ரி தலையை ஆட்டினான். இந்த இடத்தில் பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் சுபமாக முடிந்துவிடும் என்று ஒரு மனது சொன்னது. இன்னொரு மனது, ஜுவாலஜி மேடம் டாக்டரின் வாசலில் காத்திருந்ததைக் காட்டியது.

அவன் எந்த மனதைக் கேட்டிருப்பானோ தெரியாது. அதற்குள் ஹைமவதி ஒரு காரியம் செய்தாள். காபி ஆவியில் மங்கிப்போன கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே திரும்பவும் மவுஸைத் தள்ளினாள். கை நின்றது. கண்ணாடியைப் போட்டுத் தள்ளினாள். கழற்றித் தள்ளினாள்.

"கண்ணாடி இல்லாமலும் வழுக்குதே."

லாஸ்யா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாஸ்யா, என்னைப் பாரு."

"நான் ஹல்வா சாப்பிட்டிருக்கேன் அக்கா. என்னால பேச முடியாது."

ஹைமவதி கணவன் பக்கம் திரும்பினாள். மாணவி தப்பான ஸ்லைடை வைத்துவிட்டு மறைக்கும்போது பார்க்கிற பார்வை அது. சிம்மாத்ரி எல்லாவற்றையும் சொன்னான். அறுபதைச் சொன்னான், அரை இஞ்ச் குழாயைச் சொன்னான், அவல் மாதிரி உப்பிய எழுத்தைச் சொன்னான், சார்ஜ் ஏற்றிய துளையைக்கூடச் சொன்னான். "அந்த மானிட்டர்ல வித்தியாசம் தெரியாம இருந்ததுக்கு உன் கண்ணு காரணம் இல்ல ஹைமா. அங்க வித்தியாசமே இல்ல. நீ முதல் நாளே சரியாத்தான் சொன்னே" என்று முடித்தான்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு உதட்டோரம் துடித்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரு மாசமா அறுபதைப் பார்த்து நூத்தி அறுபத்தஞ்சுன்னு சொன்னது யாரோட கண்ணு?"

"என்னோடது."

"சனிக்கிழமை காலைல நம்ம டாக்டர் இருப்பாரு. சேர்ந்தே போகலாம்."

"எனக்கு எதுக்கு?"

"இத்தனை வருஷமா திரையையே பார்த்துப் பார்த்துக் கண்ணு போயிருக்கும்" என்றாள். பிறகு தங்கையும் அவளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து என்னவென்று கேட்டார். அவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார்கள். அவர் தன் பங்குக்கு ஹல்வா எடுத்துக்கொண்டு, "நானும் அன்னிக்கு வந்து பார்த்து ஆமாம்னு சொன்னேனே" என்று வருத்தப்பட்டார்.

லாஸ்யா வெள்ளிக்கிழமை அனகாபல்லிக்குப் போய்விட்டாள். போகும்போது, ரிப்போர்ட் வந்ததும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடவேண்டும் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை டாக்டர், "என்ன தொந்தரவு?" என்று கேட்டார். சிம்மாத்ரி பேசுவதற்குள் ஹைமவதி முந்திக்கொண்டு, "இல்லாதது தெரியுது டாக்டர்" என்றாள். டாக்டர் பதறிப்போய் மின்னல் மாதிரியா, கறுப்புப் புள்ளியா, எந்தக் கண் என்று விசாரிக்க, அவள் நிதானமாக முழுக் கதையையும் சொன்னாள். டாக்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்கவைத்து, பிறகு கண்ணில் சொட்டுமருந்து விட்டு, விளக்கை அடித்துப் பார்த்தார்.

"உங்க கண்ணு ரொம்ப நல்லாயிருக்கு. ஒரு குறையும் இல்ல" என்றார்.

"அப்போ கோளாறு வேற எங்கேயோ" என்றாள் ஹைமவதி. அதற்கு டாக்டரே சிரித்துவிட்டார்.

எழுந்திருக்கும்போது சிம்மாத்ரி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டான். "இவங்க கண்ணாடி? அதுவும் தேவையில்லாததா டாக்டர்?"

"அவங்களுக்குத் தேவைதான். பேப்பர் திருத்தினா தலைவலி வருதுன்னு சொன்னாங்களே. இப்போ எப்படிம்மா இருக்கு?"

"இப்போ வரதில்ல" என்று ஹைமவதி ஒத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சிம்மாத்ரிக்கு வெயில் தாங்கவில்லை. சொட்டுமருந்தில் கண்மணி விரிந்து, எல்லாம் வெள்ளையாகக் கூசியது. ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். அவன் பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "தலைவலி போனது என்னாலதானே? அதையாவது ஒத்துக்கோ" என்றான்.

"குருடன் விட்ட அம்பு."

"பட்டுதா இல்லையா?"

அவள் வண்டியைக் கடற்கரைச் சாலைக்குத் திருப்பினாள். பொரி மிக்சர் வண்டியின் பக்கத்தில் நிறுத்தி, தன் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்து இறக்கினாள். நடைபாதையின் படி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. காலால் துழாவினான். "இங்க, இங்க வைங்க" என்று சின்னப் பிள்ளையை நடத்துவது போல நடத்திக் கொண்டுபோய்த் தடுப்புச் சுவரில் உட்காரவைத்தாள். வெங்காயமும் எலுமிச்சையும் மணக்கிற காகிதப் பொட்டலம் அவன் கைக்கு வந்தது.

எதிரே கடல் இருக்கும் இடத்தில் பெரிதாக ஏதோ மின்னிக்கொண்டிருந்தது. அலை எங்கே, வானம் எங்கே என்று பிரிக்க முடியவில்லை.

"எப்படித் தெரியுது?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்தபடி.

"ஒண்ணுமே தெரியல."

"இந்த மாசத்துல நீங்க சொன்ன முதல் உண்மை" என்று சொல்லி, அவன் பொட்டலத்திலிருந்து நிலக்கடலையாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். அது அவனுக்குத் தெரியவில்லை.